பிராசஸ், நினைவகம், ஷெட்யூலர்: இயங்குதளத்தின் உள்ளே நடப்பவை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழுள்ள விடைகள் பெரும்பாலும் 64-பிட் எக்ஸ்86 கணினியில் ஓடும் லினக்ஸை முன்வைத்து எழுதப்பட்டவை. வேறு இயங்குதளம் மாறுபடும் இடம் முக்கியமானதாக இருந்தால் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. விடைகள் அனைத்துக்கும் அடியில் ஒரே கருத்துதான் ஓடுகிறது: இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், நிரல்கள் கேட்டதை அப்போதே கொடுப்பதில்லை, கொடுப்பதாக ஒப்புக்கொண்டு பதிவு செய்துகொள்கிறது, உண்மையில் தேவைப்படும் கணத்தில்தான் கொடுக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் புதிராகத் தோன்றும் பல நடத்தைகளுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

ஒரு நிரலுக்கும் ஒரு பிராசஸுக்கும் என்ன வேறுபாடு?

நிரல் என்பது வட்டில் கிடக்கும் ஒரு கோப்பு. அதை இயக்கும்போது கெர்னல் உருவாக்கிப் பராமரிக்கும் பதிவுகளின் தொகுப்பே பிராசஸ். அதற்கென ஒரு முகவரி வெளி (அது பயன்படுத்தத்தக்க நினைவக முகவரிகளின் வரம்பு), திறந்துள்ள கோப்புகளின் பட்டியல், எந்தப் பயனரின் உரிமையில் ஓடுகிறது என்ற விவரம், காத்திருக்கும் சிக்னல்கள் (பிராசஸுக்கு அனுப்பப்படும் அறிவிப்புகள்), ஓட்டம் நின்ற இடத்தில் சிபியுவின் ரிஜிஸ்டர்கள் (சிபியுவுக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்) கொண்டிருந்த மதிப்புகள் ஆகியவை அத்தொகுப்பில் அடங்கும். லினக்ஸில் இவற்றை ஒன்றுசேர்க்கும் கட்டமைப்பின் பெயர் டாஸ்க் ஸ்ட்ரக்ட். ஒரே நிரலைப் பத்து முறை இயக்கினால் பத்துப் பிராசஸ்கள் உருவாகும். ஆனால் நிரலின் ஆணைகள் நினைவகத்தில் ஒருமுறை மட்டுமே இருக்கும், பத்தும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

புதிய பிராசஸ் எவ்வாறு உருவாகிறது? ஃபோர்க் செய்தால் நினைவகம் முழுவதும் நகலாகுமா?

யூனிக்ஸ் மரபில் இது இரண்டு படிகளாக நடக்கிறது. ஃபோர்க் என்ற அழைப்பு, அழைத்த பிராசஸைப் போலவே இன்னொன்றை உருவாக்குகிறது. எக்ஸெக் என்ற அழைப்பு, அந்தப் புதிய பிராசஸின் முகவரி வெளியைக் கலைத்துவிட்டு வேறொரு நிரலை அங்கே அமர்த்துகிறது. அடுத்த நொடியே கலைக்கப்படப் போகும் ஒன்றை முழுமையாக நகலெடுப்பது வீண் என்பதால், ஃபோர்க்கின்போது கெர்னல், நினைவகத்தின் சிறு துண்டான ஒவ்வொரு பக்கமும் ரேமில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பக்க அட்டவணைகளை மட்டுமே நகலெடுக்கிறது. தாய், சேய் இரண்டின் அட்டவணைகளிலும், தனக்கே உரிய எழுதத்தக்க பக்கங்களைப் படிக்க மட்டும் எனக் குறித்துவைக்கிறது. இரண்டில் ஒன்று அத்தகைய பக்கத்தில் எழுத முற்படும்போது சிபியு பிழையை எழுப்பும். கெர்னல் அப்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடவாதது போல் நிரலைத் தொடரச் செய்யும். எழுதும்போது நகலெடுத்தல் எனப்படுவது இதுதான்.

இதன் விளைவு நடைமுறையில் பெரிது. ரெடிஸ் போன்ற தரவுத்தளங்கள் தம் நினைவகத் தரவை வட்டில் சேமிக்க ஃபோர்க்கையே நம்புகின்றன: சேய் அசையாத பிரதியை வட்டில் எழுதிக்கொண்டிருக்க, தாய் வாடிக்கையாளர்களுக்குப் பதிலளித்துக்கொண்டிருக்கும். எழுத்து வேலை குறைவாக இருந்தால் கூடுதல் நினைவகம் ஏறத்தாழத் தேவைப்படாது. சேமிப்பு முடிவதற்குள் எல்லாப் பக்கங்களிலும் எழுத்து நடந்தால் நினைவகப் பயன்பாடு இருமடங்கை நெருங்கும். ஃபோர்க் செய்த கணத்தில் எந்தச் சுமையும் தெரியாமல், சில நிமிடங்கள் கழித்து நினைவகம் தீர்ந்துபோவதற்கு இதுவே காரணம்.

பிராசஸுக்கும் த்ரெட்டுக்கும் வேறுபாடு என்ன?

லினக்ஸ் கெர்னலைப் பொறுத்தவரை இரண்டும் ஷெட்யூல் செய்யப்படும், அதாவது சிபியு நேரம் பகிர்ந்தளிக்கப்படும், அலகுகளே. இரண்டுக்கும் டாஸ்க் ஸ்ட்ரக்ட் உண்டு. குளோன் என்ற அழைப்பில் எவற்றைப் பகிர வேண்டும் என்று சொல்கிறோமோ அதுவே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. முகவரி வெளியையும் கோப்புப் பட்டியலையும் பகிர்ந்தால் த்ரெட். பகிராவிட்டால் தனிப் பிராசஸ்.

ஒரு பிராசஸ் சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கெர்னலுக்கு எப்படிக் கட்டுப்பாடு திரும்பக் கிடைக்கிறது?

மிக நல்ல கேள்வி இது. ஒரு சிபியு கோர் ஒரு நேரத்தில் ஒரே ஆணைத்தொடரைத்தான் இயக்குகிறது. பயனர் நிரல் ஓடும்போது அந்தக் கோரில் கெர்னலின் ஆணைகள் எவையும் ஓடுவதில்லை. கெர்னல் எங்கோ மேலே நின்று எல்லாவற்றையும் கண்காணிக்கிறது என்ற படம் தவறானது. கெர்னல் அந்தக் கோரில் உயிர்பெறுவதற்கு வழிகள் மூன்றே: நிரல் தானாகவே சிஸ்டம் கால் (கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்பு) மூலம் அழைப்பது, நிரல் செய்த ஏதோ ஒன்று பிழையை எழுப்புவது, வெளியிலிருந்து குறுக்கீடு வருவது.

மூன்றாவதுதான் முடிவற்ற சுழலில் சிக்கிய நிரலிடமிருந்தும் கணினியைக் காப்பாற்றுகிறது. கெர்னல் ஒரு பிராசஸிடம் கோரை ஒப்படைப்பதற்கு முன் வன்பொருள் டைமரை அமைத்துவைக்கிறது. பல லினக்ஸ் வெளியீடுகளில் இது நொடிக்கு 250 அல்லது 1000 முறை ஒலிக்கும். ஒலித்தவுடன் சிபியு தானே கெர்னலின் ஆணைகளுக்குத் தாவும். தாவலுக்குரிய முகவரியைப் பயனர் நிரலால் மாற்ற முடியாது, டைமரை நிறுத்தவும் முடியாது. அவற்றுக்கான ஆணைகளை எக்ஸ்86 சிபியு ரிங் 0 எனப்படும் சலுகை நிலையில் மட்டுமே ஏற்கும், பயனர் நிரல்களோ ரிங் 3-இல் ஓடுகின்றன.

கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் உண்மையிலேயே செலவு மிக்கதா?

ரிஜிஸ்டர்களைச் சேமித்து, வேறொன்றின் ரிஜிஸ்டர்களை ஏற்றி, பக்க அட்டவணையை மாற்றும் நேரடிச் செலவு மைக்ரோ நொடி அளவிலேயே முடிந்துவிடும். மறைமுகச் செலவுதான் பெரிது: புதிதாக வந்த பிராசஸுக்குத் தேவையான தரவு, சிபியுவின் சிறிய வேக நினைவகமான கேஷில் இருக்காது, அதைச் சேர்க்கும் வரை ஒவ்வோர் அணுகலும் முதன்மை நினைவகம் வரை சென்று திரும்ப வேண்டும். ஆகவே நொடிக்கு எத்தனை ஸ்விட்ச்கள் என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது சரியன்று. ஒவ்வொரு பிராசஸும் எவ்வளவு தரவைத் தொடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நிரல் காணும் முகவரிக்கும் ரேமில் உள்ள இடத்துக்கும் என்ன தொடர்பு?

நிரல் பயன்படுத்தும் ஒவ்வொரு முகவரியும் மெய்நிகர் முகவரி. அது ரேமில் எங்கே இருக்கிறது என்பதைப் பக்க அட்டவணை சொல்கிறது. ஒவ்வோர் அணுகலின்போதும் மொழிபெயர்க்கும் வேலையைச் சிபியுவே செய்கிறது. இந்த ஏற்பாடு 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இருந்தது.

வழக்கமான பக்கத்தின் அளவு 4 கேபி. 48-பிட் மெய்நிகர் முகவரியில் கடைசி 12 பிட்கள் பக்கத்துக்குள் இருக்கும் இடத்தைக் குறிக்கின்றன. மீதமுள்ள 36 பிட்கள் பக்கத்தைக் குறிக்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் 8 பைட் பதிவு என்று ஒரே நீண்ட அட்டவணையாக வைத்தால், ஒவ்வொரு பிராசஸுக்கும் அட்டவணைக்கு மட்டுமே 512 ஜிபி வேண்டியிருக்கும். அதனால்தான் 36 பிட்கள் ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கப்பட்டு, நான்கு அடுக்கு மரமாக அட்டவணை அமைகிறது. பயன்படுத்தப்படாத முகவரிப் பகுதிகளுக்குரிய கிளைகள் உருவாக்கப்படுவதே இல்லை.

நான்கு அடுக்கு என்றால், ஒரு மதிப்பைப் படிக்க முதலில் நான்கு முறை நினைவகத்தைப் படிக்க வேண்டும் என்றாகிறது. இதைத் தவிர்க்கவே சிபியு அண்மையில் செய்த மொழிபெயர்ப்புகளை டிஎல்பி என்ற சிறிய கேஷில் வைத்துக்கொள்கிறது. அதன் கொள்ளளவு குறைவு. 1,500 பதிவுகள் உள்ளதாகக் கொண்டால், 4 கேபி பக்கங்களைக் கொண்டு ஏறத்தாழ 6 எம்பி பரப்பை மட்டுமே அது தாங்கும். 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களைப் பயன்படுத்தினால் அதே பதிவுகள் 3 ஜிபி வரை தாங்கும். பெரிய தரவுத்தளங்களுக்குப் பெரிய பக்கங்கள் பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இந்தக் கணக்குதான். அதே வேளையில், ஃபோர்க்கை நம்பும் ரெடிஸில் தானியங்கிப் பெரிய பக்கங்களை அணைத்துவைக்கச் சொல்கிறார்கள்: சில பைட்களை மாற்றினாலும் 2 எம்பி முழுவதையும் நகலெடுக்க நேரிடும் என்பதே அதற்குக் காரணம்.

மல்லாக் வெற்றி பெற்றுவிட்டால் நினைவகம் கிடைத்துவிட்டது என்று பொருளா?

இல்லை. நினைவகம் கேட்க உதவும் மல்லாக் செயற்கூறின் மூலம் நிரல் 10 ஜிபி கேட்டால், கெர்னல் பெரும்பாலும் "இந்த முகவரி வரம்பு உன்னுடையது" என்று பதிவு மட்டும் செய்துகொள்ளும். ரேம் ஒரு பைட்கூட அப்போது ஒதுக்கப்படுவதில்லை. நிரல் ஒரு பக்கத்தை முதன்முறையாகத் தொடும்போது, அட்டவணையில் பதிவில்லாததால் பக்கப் பிழை எழும். கெர்னல் பூச்சியங்களால் நிரப்பிய ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, அங்கே இணைத்துவிட்டுத் திரும்பும். பிஎஸ் கட்டளையில் விஎஸ்இசட், டாப் கட்டளையில் வர்ட் என்ற நெடுவரிசை வாக்களிக்கப்பட்ட அளவையும், முறையே ஆர்எஸ்எஸ், ரெஸ் என்ற நெடுவரிசை உண்மையில் ரேமில் இருக்கும் அளவையும் காட்டுகின்றன. முதலாவது பெரிதாக இருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கையில் இருப்பதைவிட அதிகமாக வாக்களிப்பது முறையா என்பதில் இயங்குதளங்கள் வேறுபடுகின்றன. விண்டோஸ் உறுதியளித்த நினைவகம் முழுவதுக்கும் ரேமிலோ பேஜ் கோப்பிலோ இடம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டே ஒப்புக்கொள்கிறது. இல்லாவிட்டால் கேட்ட அந்த நொடியிலேயே மறுத்துவிடுகிறது. லினக்ஸ் இயல்பமைப்பில், வெளிப்படையாகவே மிகையான கோரிக்கைகளை மட்டும் மறுத்து மற்றவற்றை ஒப்புக்கொள்கிறது. என் கருத்தில், ஃபோர்க்கை அடிப்படையாகக் கொண்ட ஓர் அமைப்புக்கு லினக்ஸின் வழியே பொருந்தும். 20 ஜிபி பயன்படுத்தும் பிராசஸ் ஒரு சிறு கட்டளையை இயக்க ஃபோர்க் செய்யும்போதெல்லாம் இன்னொரு 20 ஜிபிக்கு உத்தரவாதம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் இதற்கு விலை உண்டு, அது, நினைவகம் தீரும்போது ஒரு பிராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் பற்றிய விடையில் வருகிறது.

ஒன்றுமே ஓடாதபோதும் நினைவகம் நிறைந்திருப்பதாகக் காட்டுகிறதே, ஏன்?

வட்டிலிருந்து படித்த கோப்புகளைக் கெர்னல் பேஜ் கேஷில் வைத்துக்கொள்கிறது. வேறு தேவை எழும்போது அவற்றை விட்டுவிடும். ஃப்ரீ கட்டளையில் பார்க்க வேண்டிய எண் "அவைலபிள்" என்பதே. 2014-இல் வந்த 3.14 கெர்னல் முதல் இந்த மதிப்பீட்டைக் கெர்னலே கணித்துத் தருகிறது.

ரேம் போதுமான அளவு இருக்கும்போது ஸ்வாப் எதற்கு? அதை அணைத்துவிட்டால் கணினி வேகமாகுமா?

ரேமிலிருந்து வெளியேற்றப்படும் பக்கங்களை வைக்க வட்டில் ஒதுக்கப்படும் இடமே ஸ்வாப். அதை அணைத்தால் வட்டுக்குப் பக்கங்கள் போய்வருவது நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை மட்டுமே. ரேமில் உள்ள பக்கங்கள் இரு வகை. கோப்பிலிருந்து வந்தவை, மாற்றப்படாமல் இருந்தால், எந்தச் சேமிப்பும் இன்றி விட்டுவிடத்தக்கவை. தேவைப்பட்டால் கோப்பிலிருந்து மீண்டும் படிக்கலாம். நிரல் ஓடும்போது உருவாக்கும் தரவைக் கொண்ட ஹீப், ஸ்டாக் போன்றவற்றின் பக்கங்களுக்குப் பின்னால் எந்தக் கோப்பும் இல்லை. அவற்றை வெளியேற்ற ஸ்வாப் ஒன்றே வழி. ஸ்வாப் இல்லாவிட்டால், பல நாள்களாக எவரும் தொடாத ஹீப் பக்கங்கள் ரேமிலேயே அமர்ந்திருக்க, நெருக்கடி முழுவதும் முதல் வகையின் மீது விழும். அந்த முதல் வகையில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் ஆணைகளும் அடக்கம். அவற்றை விடுவதும் மறுநொடியே வட்டிலிருந்து மீண்டும் படிப்பதுமாகக் கணினி ஏறத்தாழ உறைந்துபோகும். ஸ்வாப்பே இல்லாத கணினியில் வட்டு விளக்கு இடைவிடாது எரிவதன் பொருள் இதுவே.

இந்நிலைக்குத் த்ராஷிங் என்று பெயர். ஒவ்வொரு பிராசஸும் ஒரு கால இடைவெளியில் உண்மையாகத் தொடும் பக்கங்களின் தொகுதியை ஒர்க்கிங் செட் என்று பீட்டர் டென்னிங் 1968-இல் வரையறுத்தார். ஒர்க்கிங் செட்களின் கூட்டுத்தொகை ரேமுக்குள் அடங்கும் வரை எவ்வளவு வாக்களித்திருந்தாலும் கவலையில்லை. அதைத் தாண்டியவுடன் வேகம் படிப்படியாகக் குறைவதில்லை, செங்குத்தாகச் சரிகிறது. ரேம் அணுகல் சுமார் 100 நானோ நொடியில் முடிய, நல்ல எஸ்எஸ்டியும் பல பத்து மைக்ரோ நொடிகள் எடுத்துக்கொள்வதால், ஆயிரத்தில் சில அணுகல்கள் வட்டுக்குப் போனாலே மொத்த நேரத்தையும் அவை விழுங்கிவிடும். என் பரிந்துரை: சிறிய அளவிலேனும் ஸ்வாப் வைத்திருங்கள், ஆனால் அதை ரேமுக்கு மாற்றாக எண்ணாதீர்கள்.

ஓஓஎம் கில்லர் என் நிரலை ஏன் கொன்றது? தவறு செய்தது வேறொரு நிரலாயிற்றே?

நினைவகம் வாக்களிக்கப்பட்ட நேரத்தில் மறுக்கப்படாததால், பற்றாக்குறை தெரியவருவது யாரோ ஒருவர் ஒரு பக்கத்தைத் தொடும் கணத்தில். அந்தப் பக்கப் பிழைக்கு "இல்லை" என்று பதில் சொல்ல வழியே கிடையாது. நிரல் வெறுமனே ஒரு மாறியில் எழுதிக்கொண்டிருக்கிறது, பிழைக்குறியைப் பெற்றுக்கொள்ள அங்கே இடமில்லை. விட்டுவிடத்தக்க பக்கங்களும் தீர்ந்துவிட்டால் ஏதேனும் ஒரு பிராசஸை முடித்தே ஆக வேண்டும்.

எதை முடிப்பது என்பதில் கெர்னல் குற்றவாளியைத் தேடுவதில்லை. மிகுதியான நினைவகம் எதை முடித்தால் திரும்பக் கிடைக்கும் என்றே கணக்கிடுகிறது: ரேமிலும் ஸ்வாப்பிலும் உள்ள அளவு, பக்க அட்டவணைகளின் அளவு ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் தருகிறது. ஆகவே கசிவுள்ள சிறு நிரல் தப்பிவிட, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பெரிய தரவுத்தளம் பலியாவது உண்டு. ஒவ்வொரு பிராசஸுக்கும் -1000 முதல் 1000 வரை ஒரு திருத்த எண்ணைக் கொடுக்கலாம். -1000 கொடுத்தால் அது முற்றிலும் விலக்கப்படும். எல்லா முக்கிய நிரல்களுக்கும் இதைக் கொடுத்துவிடுவது ஆபத்தானது, ஏனெனில் பலியிட எதுவும் இல்லாதபோது கெர்னல் பேனிக் ஆகும், அதாவது கணினியே நின்றுவிடும்.

கில் -9 கொடுத்தும் சில பிராசஸ்கள் போகாதது ஏன்?

கில் -9 என்பது பிராசஸை உடனே முடிக்கச் சொல்லும் சிக்னலை அனுப்பும் கட்டளை. இரண்டு வெவ்வேறு நிலைமைகள் இங்கே குழப்பிக்கொள்ளப்படுகின்றன. பிராசஸ் பட்டியலில் இசட் என்று காட்டப்படும் ஸோம்பி ஏற்கெனவே இறந்துவிட்டது. அதன் நினைவகமும் கோப்புகளும் விடுவிக்கப்பட்டுவிட்டன. முடிவுக் குறியீட்டைத் தாய் பிராசஸ் வெயிட் அழைப்பின் மூலம் பெற்றுக்கொள்ளும் வரை அதன் பிராசஸ் எண்ணும் ஒரு சிறு பதிவும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. இறந்ததை மீண்டும் கொல்ல இயலாது. திருத்த வேண்டியது தாயை. தாய் முடிந்துவிட்டால் பிராசஸ் எண் 1 சேயைத் தத்தெடுத்துப் பதிவைத் துடைக்கும்.

டி என்று காட்டப்படுவது வேறு. அது கெர்னலுக்குள் ஏதோ ஒரு வன்பொருளின் பதிலுக்காகக் குறுக்கிட முடியாத நிலையில் காத்திருக்கிறது. சிக்னல்கள் பிராசஸ் பயனர் நிலைக்குத் திரும்பும் தறுவாயிலேயே செயல்படுத்தப்படுகின்றன. திரும்பாதவரை 9-க்கும் வழியில்லை. பதிலளிக்காத வட்டையோ வலைக்கோப்புச் சேவகனையோ சரி செய்வதே தீர்வு.

அடுத்து யார் ஓடுவது என்பதை ஷெட்யூலர் எப்படித் தீர்மானிக்கிறது?

2007-இல் வந்த 2.6.23 கெர்னலில் இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர் இடம்பெற்றது. ஒவ்வொரு பிராசஸும் இதுவரை பெற்ற சிபியு நேரத்தை, அதன் எடையால் சரிக்கட்டி, மெய்நிகர் ஓட்ட நேரமாக அது பதிவு செய்கிறது. எது குறைவாகப் பெற்றிருக்கிறதோ அதையே அடுத்து ஓட்டுகிறது. தட்டச்சுக்காகக் காத்திருந்த எடிட்டர் விழித்தெழுந்தவுடன், கணக்கீட்டில் மூழ்கியிருக்கும் கம்பைலரை முந்திக்கொள்வது இப்படித்தான். அதற்கென்று தனிச்சலுகை எதுவும் இல்லை.

பிராசஸுக்குத் தரப்படும் முன்னுரிமை எண்ணான நைஸ் மதிப்பு -20 முதல் 19 வரை இந்த எடையை மாற்றுகிறது. நைஸ் 0-க்கு எடை 1024. ஒவ்வொரு படிக்கும் எடை ஏறத்தாழ 1.25 மடங்கு மாறும். நைஸ் 5-க்கு எடை 335. ஒரே கோரில் 0 உள்ளதும் 5 உள்ளதும் போட்டியிட்டால், முதலாவது முக்கால் பங்கையும் இரண்டாவது கால் பங்கையும் பெறும். போட்டியே இல்லாவிட்டால் நைஸ் 19 உள்ளதும் கோரை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சிஎஃப்எஸ்ஸால் ஒன்றைச் சொல்ல முடியவில்லை: எனக்குக் குறைந்த பங்கு போதும், ஆனால் அது விரைவாக வேண்டும். 2023-இல் 6.6 கெர்னலில் வந்த ஈஈவிடிஎஃப் ஷெட்யூலர் இதற்கு வழிசெய்கிறது. அதன் அடிப்படை 1990-களில் இயோன் ஸ்டோய்கா, ஹுசைன் அப்தெல்-வஹாப் ஆகியோர் முன்வைத்த முறை. தனக்குரிய பங்குக்கு மேல் பெறாதவற்றை மட்டும் தகுதியுள்ளவையாகக் கொண்டு, அவற்றுள் மெய்நிகர் கெடு மிக அருகில் இருப்பதை அது தேர்கிறது. குறுகிய துண்டு நேரம் கேட்கும் பிராசஸின் கெடு முன்னதாக அமைவதால், மொத்தப் பங்கு கூடாமலேயே அது விரைவில் வாய்ப்புப் பெறுகிறது.

நிகழ்நேர முன்னுரிமை கொடுத்துவிட்டால் தாமதமே இருக்காதா?

முன்னுரிமை மட்டும் போதாது என்பதற்குச் செவ்வாயில் நடந்ததே சான்று. 1997 ஜூலை 4 அன்று தரையிறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் சில நாள்களில் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. அதில் விஎக்ஸ்ஒர்க்ஸ் இயங்குதளம் ஓடியது. வானிலைத் தரவைச் சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கத்தக்க அனுமதி) பிடித்திருந்தது. கருவிகளிடையே தரவு செல்லும் பாதையான தகவல் பஸ்ஸை நிர்வகிக்கும் உயர்ந்த முன்னுரிமைப் பணி அதே பூட்டுக்காகக் காத்திருந்தது. இடையில் நடுத்தர முன்னுரிமையுள்ள தகவல்தொடர்புப் பணி நுழைந்து, தாழ்ந்த பணியை ஓடவிடாமல் செய்தது. தாழ்ந்தது ஓடாததால் பூட்டு விடுபடவில்லை, உயர்ந்தது கெடுவைத் தவறவிட்டது, காவல் டைமர் கணினியை மறுதொடக்கம் செய்தது.

பொறியாளர்கள் பூமியிலிருந்தே அந்தப் பூட்டில் முன்னுரிமை மரபேற்றலை இயக்கினார்கள். பூட்டைப் பிடித்திருப்பது, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறும். விரைந்து வேலையை முடித்துப் பூட்டை விடும். லினக்ஸில் இதே வசதி நிகழ்நேரப் பூட்டுகளில் உண்டு, 2024-இல் 6.12 கெர்னலில் முழுமையாக இணைக்கப்பட்ட ப்ரீயெம்ப்ட் ஆர்டி அமைப்பு இதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

லோட் ஆவரேஜ் 20 என்கிறது, சிபியு பயன்பாடோ 5 விழுக்காடுதான். எது பொய்?

இரண்டும் உண்மை. லினக்ஸின் லோட் ஆவரேஜ் ஓடுபவற்றையும் ஓடக் காத்திருப்பவற்றையும் மட்டுமன்றி, மேலே சொன்ன டி நிலையில் உள்ளவற்றையும் 1993 முதல் எண்ணுகிறது. இத்தகைய எண்கள் தெரிந்தால் வட்டையும் வலைக்கோப்புகளையும் முதலில் பாருங்கள்.

கன்டெய்னருக்குள் சராசரிச் சிபியு பயன்பாடு குறைவு. இருந்தும் சில கோரிக்கைகள் மட்டும் தாமதமாவது ஏன்?

கன்டெய்னர் என்பது தனி இயந்திரமன்று. பெயர்வெளிகளால் பார்வையும் சிகுரூப்களால் அளவும் கட்டுப்படுத்தப்பட்ட சாதாரண பிராசஸ்களின் கூட்டமே. ஒரு சிபியு என்று வரம்பு வைத்தால், அதற்கென ஒரு கோர் ஒதுக்கப்படுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கெர்னல் ஒவ்வொரு 100 மில்லி நொடிக்கும் 100 மில்லி நொடி சிபியு நேரத்தைப் பங்காகத் தருகிறது. நான்கு த்ரெட்கள் நான்கு கோர்களில் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தப் பங்கு 25 மில்லி நொடியில் தீர்ந்துவிடும். மீதி 75 மில்லி நொடி அனைத்தும் நிறுத்திவைக்கப்படும். அந்த இடைவெளியில் வந்த கோரிக்கை காத்திருக்கும், ஆனால் ஒரு நிமிடச் சராசரியில் இது தெரியவே தெரியாது. சிகுரூப்பின் சிபியு புள்ளிவிவரக் கோப்பில் எத்தனை காலப்பகுதிகளில் நிறுத்திவைக்கப்பட்டது, மொத்தம் எவ்வளவு நேரம் என்ற இரு எண்களும் உள்ளன. அவை ஏறிக்கொண்டே போனால் த்ரெட்களின் எண்ணிக்கையை வரம்புக்கேற்பக் குறைப்பது அல்லது வரம்பை உயர்த்துவது என்ற இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். பல மொழிகளின் இயக்கச் சூழல்கள், வரம்பைக் கவனிக்காமல் இயந்திரத்தின் மொத்தக் கோர்களை எண்ணித் த்ரெட்களை உருவாக்குவதால், முதலில் சரிபார்க்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான்.